பல்செட்டா, பிரஸ் பட்டனா, ஸ்குரூ பல்லா? பள்ளத்தூரிலிருந்து ஓர் அலசல்

முறுக்கு மாவு பிசையும்போது எள் போடுவதை ஒன்றரை வருடம் நிறுத்தி வைத்திருந்தேன். கீழ்ப்பல் செட்டுக்கு அடியில் ஒரே ஒரு எள் போய் உட்கார்ந்தால் போதும், ஈறில் முள் தைத்த மாதிரி இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு செட்டைக் கழற்றி உதறவா முடியும்? பட்டன் வைத்த பிறகு வந்த தீபாவளிக்குத்தான் மறுபடி எள் சேர்த்தேன். அன்றிலிருந்து "ஆச்சி, எந்தப் பல்லு கட்டுனீக?" என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லி ஓய்ந்துபோனேன். எழுதியே வைத்துவிடுகிறேன்.

பல் முழுவதும் போனவர்களுக்கு வழி மூன்று. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த, கழற்றி மாட்டுகிற பல்செட். இரண்டு, தாடை எலும்பில் இம்ப்ளாண்ட் எனும் டைட்டானியத் திருகு இரண்டு இறக்கி, அதன் தலையில் செட்டைப் பிரஸ் பட்டன் போல 'டக்' என்று மாட்டுவது. டாக்டர்கள் இதை ஓவர்டென்ச்சர் என்கிறார்கள். மூன்று, நாலு முதல் ஆறு இம்ப்ளாண்ட் வரை வைத்து அதன்மேல் வரிசை முழுவதையும் முடுக்கிவிடுவது. இதைக் கழற்றும் வேலையே இல்லை. முதலாவதை 14 மாதம் போட்டிருந்தேன். இரண்டாவது என் வாயில் மூன்று வருடமாக இருக்கிறது. மூன்றாவதை அண்ணன் வாயில்தான் பார்த்திருக்கிறேன், அதனால் அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

மேல்தாடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண செட்டே போதும். அண்ணம் முழுக்க மூடி, எச்சில் படலத்தில் ஒட்டி, உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக் சூட்டைச் சரியாகக் கடத்தாது என்பது ஒரு குறை. முதல் வாரம் காப்பி இதமாக இருக்கிறது என்று நம்பி விழுங்கித் தொண்டை வெந்துபோனது. பிள்ளையார் நோன்பன்று இழை எடுக்கும்போது மட்டும் செட்டைக் கழற்றிவிடுகிறேன். 21 இழைத் திரியை எரிய எரிய மாவோடு வாயில் போடுகிற இடத்தில் பிளாஸ்டிக் எதற்கு? இது டாக்டர் சொன்னதல்ல, என் பயம்.

சங்கடமெல்லாம் கீழ்த்தாடையில்தான். செட் உட்கார அங்கே லாடம் மாதிரி ஒரு வளைந்த வரப்புதான் உண்டு. மேல்தாடையோடு பார்த்தால் பரப்பு ஏறக்குறைய பாதி. உள்ளே நாக்கு, வெளியே கன்னமும் உதடும், எது அசைந்தாலும் செட் எழும்பும். அந்த வரப்பாவது நிலைத்து நிற்குமா என்றால் அதுவும் இல்லை. பல் பிடுங்கிய நாளிலிருந்து எலும்பு கரையும். முதல் வருடம் வேகமாக, அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்காமல். டால்கிரன் என்ற ஆய்வாளர் செட் போட்டவர்களை 25 வருடம் தொடர்ந்து பார்த்து 1972இல் எழுதினார். மேல்தாடை கரைந்ததைப்போல நாலு மடங்கு கீழ்த்தாடை கரைந்திருந்தது. அதனால்தான் பொருந்திய செட்டும் சில வருடத்தில் தளர்கிறது. அடியில் புது அக்ரிலிக் சேர்த்து இறுக்க வேண்டியிருக்கிறது, அதற்குப் பெயர் ரீலைன்.

என் செட்டை மோசம் என்று சொல்லமாட்டேன். பல் பிடுங்கி இரண்டு மாதம் ஈறு ஆறவிட்டு, ஐந்து தடவை போய்வந்து கட்டியது. முதலில் அச்சு, அதை வைத்துச் செய்த தனித்தட்டில் இன்னொரு அச்சு, பிறகு மெழுகைக் கடிக்கவைத்துத் தாடை உயரம் பார்ப்பது, மெழுகிலேயே பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பது, கடைசியில் செட். அந்த மெழுகு நாளில் மட்டும் அவசரப்படாதீர்கள். பல்லின் நீளம், நிறம், வரிசை எதை மாற்றுவதாக இருந்தாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். நான் 'சிவகங்கைச் சீமை' என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன், சீட்டி அடித்தது. "தம்பி, இது சரிப்படாது" என்றேன். டாக்டர் இரண்டு பல்லை நகர்த்தி வைத்தார்.

இவ்வளவு செய்தும் கீழ்ச்செட் மிதந்தது. செட் போட்டவர்களுக்குச் சொந்தப் பல்லின் பலத்தில் கால் பங்கு மிஞ்சினாலே பெரிது. கும்மாயம், இடியாப்பம் எல்லாம் இறங்கும், சீப்புச் சீடைக்கு வழியில்லை. ஒட்டும் பசையும் வாங்கிப் பார்த்தேன். வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கரைந்துவிடும்.

அண்ணன் சென்னையில் கீழ்வரிசை முழுக்க ஸ்குரூ பல் கட்டினார். சாப்பிடுவதில் அதற்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன வருடம் படைப்புக்கு, அதாவது முன்னோருக்குச் சோறு படைத்துக் கும்பிட, ஊருக்கு வந்த இடத்தில் ஒரு ஸ்குரூ தளர்ந்து வரிசை லேசாக ஆட ஆரம்பித்தது. காரைக்குடியில் இரண்டு இடத்துக்குப் போனோம். இரண்டு பேரும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றையே சொன்னார்கள். அந்தக் கம்பெனி ஸ்குரூவுக்கு அதற்கென்று உள்ள முடுக்கிதான் வேண்டும், தங்களிடம் இருப்பது வேறு. எந்தக் கம்பெனி என்று எழுதிய அட்டையும் அண்ணனிடம் இல்லை. வீடு இங்கே பூட்டிக் கிடக்க, சாவி மலேசியாவில் இருக்கும் பங்காளியிடம் என்பது எங்கள் பக்கத்தில் பழகிய கதை. அது வாய்க்குள்ளேயும் வரும் என்று நான் நினைக்கவில்லை. படைப்புச் சோற்றைப் பிசைந்து விழுங்கிவிட்டு அன்று ராத்திரியே ரயில் ஏறினார்.

சுத்தம் செய்வது அதைவிடப் பெரிய பாடு. கழற்ற முடியாத வரிசைக்கு அடியில் சோறு தங்கும். தண்ணீர் பீய்ச்சும் கருவியோ சின்னப் பிரஷ்ஷோ வைத்துத் தினமும் அலச வேண்டும். அலசாமல் விட்டால் இம்ப்ளாண்டைச் சுற்றி ஈறு வீங்கி எலும்பு அரிக்கும். அண்ணனுக்கு அண்ணி கூடவே நின்று பார்த்துக்கொள்கிறார். எனக்கோ விரல் மூட்டு மடங்காது, பிள்ளைகள் இரண்டும் சிங்கப்பூரில். 80 வயதில் என் வாய்க்குள் யார் பீய்ச்சுவது? நான் முடிவெடுத்தது இதை நினைத்துத்தான்.

சரி, பட்டனுக்கு வருகிறேன். மோவாய்ப் பக்கம், முன்தாடையில் இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் டாக்டர் முடித்தார். எலும்பு டைட்டானியத்தோடு பிணைய மூன்று மாதம் விட்டார். இப்படிப் பிணையும் என்று கண்டு, 1965இல் முதன்முதலாக ஒருவருக்குப் பல் கட்டியவர் சுவீடன்காரரான பிரோனமார்க். எங்கள் இரண்டாம் கட்டில் அடுக்கியிருக்கும் எனாமல் தூக்குகளைக் கவிழ்த்துப் பார்த்தால் அதிலும் சுவீடன் முத்திரை. அந்த நாட்டுச் சாமான் உழைக்கும் என்று எனக்கு ஒரு தெம்பு, சிரிக்காதீர்கள். புதுச் செட்டும் வேண்டியிருக்கவில்லை. பழைய கீழ்ச்செட்டின் அடியிலேயே டாக்டர் இரண்டு குழி குடைந்து, இம்ப்ளாண்ட் தலையில் மாட்டும் மூடிகளைப் பதித்தார். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களும், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதலில் சொல்ல வேண்டியது இந்த இரண்டு இம்ப்ளாண்ட் செட்தான் என்று அறிக்கை தந்திருக்கிறார்கள்.

மூடிக்குள் ஒரு நைலான் வளையம் இருக்கும். குழாய்க்கு வாஷர் மாதிரி. முக்கியமாகத் தேய்வது அதுதான். எனக்கு வைத்த லொக்கேட்டர் என்ற பட்டன் வகையில் வெள்ளை வளையம் இறுக்கம், இளஞ்சிவப்பு நடுத்தரம், நீலம் இலகு. முதலில் வெள்ளை போட்டார். அன்று ராத்திரி செட்டைக் கழற்ற முடியாமல் கண்ணாடி முன் அரைமணி நேரம் மல்லுக்கட்டிக் கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். மறுநாளே நீலத்துக்கு மாற்றிக்கொண்டேன். வருடம் ஒரு முறை வளையம் மாற்ற, காரைக்குடியில் பத்து நிமிடம், ஜோடிக்கு ஆயிரத்துச் சொச்சம். ரீலைன் தொல்லை ஒழிந்தது என்று பொய் சொல்லமாட்டேன். பின்பக்க எலும்பு இன்னும் கரைகிறது, ஒரு முறை செய்தாயிற்று. எள்ளும் எப்போதாவது உள்ளே போகும். இம்ப்ளாண்ட் தலையைச் சுற்றி மெல்லிய பிரஷ்ஷால் இரு வேளையும் தேய்க்க வேண்டும். ஆனால் செட் கையோடு கழன்று வருகிறது. நாளைக்கு என்னால் முடியாவிட்டால் வீட்டு வேலைக்கு வரும் பெண்கூடக் கழுவித் தரலாம்.

கழுவ சோப்பும் பிரஷ்ஷும் போதும். பேஸ்ட் கீறல் போடும், வெந்நீர் வளைத்துவிடும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். கழுவும்போது கீழே தண்ணீர் நிரம்பிய வாளி இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல்லில் விழுந்த செட் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு முறை தெரிந்தாயிற்று.

செலவு? 2021இல் மேலும் கீழும் செட் 18,000 ரூபாய். அடுத்த வருடம் பட்டனுக்கு 75,000. அண்ணனுக்குக் கீழ்வரிசை மட்டும் மூன்றரை லட்சம். "ஆத்தா, காசைப் பார்க்காதீக, ஃபிக்ஸடே போடுங்க" என்றான் மகன். "காசு இருக்குப்பா, முடுக்கி எங்கே இருக்கு?" என்றேன்.

வரப்பு உயரமாக நிற்கிறவர்களுக்குச் சாதாரண செட்டே பல வருடம் ஓடலாம், எதிர்வீட்டு ஐயா அதிலேயே அதிரசம் சாப்பிடுகிறார். புதுக்கோட்டையில் 2023இலிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, செலவுக்கு யோசிப்பவர்கள் அங்கே விசாரிக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள், எலும்பு பலவீனத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், பீடி சிகரெட்டை விடாதவர்கள் இம்ப்ளாண்ட் பேச்சுக்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். எனக்கே மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏழுக்குக் கீழே வந்த பிறகுதான் தேதி கொடுத்தார்.

எதைக் கட்டினாலும் இம்ப்ளாண்டின் கம்பெனி, அளவு எல்லாம் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். என்னுடையதை லேமினேட் செய்து, கூடவே இரண்டு நீல வளையத்தையும் ஒரு சின்னப் பையில் போட்டு, வீட்டுச் சாவிக்கொத்து தொங்குகிற ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கிறேன்.