புண்ணாக்கு புரோட்டீன் பாக்குற கை மெஷின்: அஞ்சுக்கு மூணு ஸ்டார்

கொடுங்கையூர்ல மாட்டுத் தீவனக் கடை நம்முது. கடலைப் புண்ணாக்கு மூட்டை வந்து எறங்குனா அப்பா ஒரு சில்லு ஒடைச்சு மோந்து பாத்து, வாயில போட்டு மென்னு, "பழசுடா, திருப்பி அனுப்பு"ன்னுடுவாரு. அந்த நாக்கு எனக்கு இல்ல, அதான் இந்த நியர் இன்ஃப்ராரெட் மெஷின வாங்குனேன்.

900லேந்து 1700 நானோமீட்டர் வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த அடிச்சு எது எவ்ளோ திரும்பி வருதுன்னு பாக்குது, அஞ்சு செகண்ட்ல ஈரம் கொழுப்பு புரோட்டீன் மூணும் வந்துடும். ஈரம் பக்கா. 1450 கிட்ட தண்ணி நல்லா உறிஞ்சுதாம், மழைல நனைஞ்ச தவிடு மூட்டைய மொத நாளே புடிச்சுக் குடுத்துச்சு.

புரோட்டீன்தான் பேஜாரு. மரச்செக்கு புண்ணாக்குக்கு லேப்ல 41 சதவீதம், இதுல 47! சர்வீஸ் ஆளக் கூப்ட்டு கத்துனேன். அவரு சொன்னப்பதான் புரிஞ்சுது, மெஷின் புரோட்டீன தனியா பாக்குறதே இல்ல, எண்ணெய் தண்ணி புரோட்டீன் எல்லாத்தோட சிக்னலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரே மேடா வருது, அத பிஎல்எஸ்னு ஒரு கணக்குதான் பிரிச்சு நம்பர் சொல்லுது, அந்தக் கணக்குக்கு பழக்கி வச்சது மொத்தமும் சோயா. எண்ணெய் ஜாஸ்தியா இருக்குற நம்ம சரக்க அது கண்ணாலயே பாத்ததில்ல. இத விக்கும்போதே சொல்லித் தொலைச்சா என்ன?

அப்புறம் 30 சாம்பிள அரைச்சு ஒவ்வொண்ணுலயும் பாதி லேபுக்கு, பாதி மெஷினுக்குன்னு குடுத்து கணக்க திரும்ப போட வச்சேன். லேப் பில்லே தனி செலவு. இப்போ ஒண்ணு ஒண்ணரை பாயிண்டுக்குள்ள நிக்குது. அரைக்காம கட்டியா வச்சா இன்னும் ஒளறும்.

ஆனா ஒரு விஷயத்துக்கு கும்புடு போடணும். லேப்ல கெல்டால் டெஸ்ட் நைட்ரஜன அளந்து 6.25ஆல பெருக்கி அதையே புரோட்டீன்னு சொல்லுது, யூரியாவுல நைட்ரஜன் 46 சதவீதம், அதனால நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலந்தாலே கிட்டத்தட்ட மூணு பாயிண்ட் பொய்யா ஏறும். அப்படி சூப்பர் ரிப்போர்ட்டோட ஒரு லோடு வந்துச்சு. மெஷின் நம்பர் சொல்லாம "சாம்பிள் பொருந்தல"ன்னு செவப்பு லைட் போட்டுச்சு. அப்பா ஒரு சில்லு வாயில வச்சாரு, து-ன்னு துப்புனாரு.

வாங்குறவங்க மெஷின் வெளிச்சத்த ஒப்பிட்டுப் பாக்குற அந்த வெள்ளை ரெஃபரன்ஸ் தட்ட பத்திரமா பாத்துக்கங்க. நம்ம கடைப்பையன் புண்ணாக்குத் தூளு ஒட்டியிருக்குன்னு லுங்கியால தொடைச்சு வச்சுட்டான், ரெண்டு நாளு எல்லாமே தப்பு.