பிடிப்பதா, அடைப்பதா, அறுவையா? கோலாலம்பூர்த் தெருநாய்களுக்கு எது விடிவு

செந்தூல் பக்கம் நாய்க்குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து விட்டுச் செல்பவர்கள் இடம் பார்த்துத்தான் விடுகிறார்கள். பசார், சாப்பாட்டுக் கடையின் பின்புறம், கோயில் வாசல் என்று சோறு கிடைக்கும் இடமாகப் பார்க்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். ஆண் குட்டியைக் காவலுக்கு வேண்டுமென்று யாராவது கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். பெட்டை என்றால் "குட்டி போட்டுத் தொல்லை தரும்" என்று கழித்துவிடுகிறார்கள். கழிக்கப்பட்ட அந்தக் குட்டி ஓராண்டு வாக்கில் பருவமடைகிறது. சினைப்பட்டால் இரண்டே மாதத்தில் அடுத்த ஈற்று வந்துவிடும். தெருநாய்ப் பிரச்சினை தெருவில் பிறப்பதில்லை, நம் வீட்டு வாசலில் பிறக்கிறது. தீர்வுகளை ஒப்பிடும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாநகர் மன்றத்தில் புகார் கொடுத்து நாயைப் பிடித்துப்போகச் சொல்வது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அதில் வேகம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். பள்ளி செல்லும் பிள்ளையை ஒரு நாய் கடித்துவிட்டால், பெற்றோரிடம் நீண்டகாலத் திட்டம் பேச முடியாது. ஆனால் பிடிபடுவது எந்த நாய்? மனிதரை நம்பி அருகில் வரும் நாய்தான் சுருக்கில் மாட்டுகிறது. ஆளைக் கண்டதும் ஓடி ஒளியும் முரட்டு நாய் தப்பித்துவிடுகிறது. உரிமம் இல்லாத நாயை யாரும் மீட்க வராவிட்டால் அதன் முடிவு பெரும்பாலும் மரணம்தான். காலியான இடத்தில் அதே குப்பைத் தொட்டியும் அதே மிச்சச் சோறும் இருக்கின்றன. சில மாதங்களில் வேறு நாய்கள் வந்துவிடுகின்றன.

வெறிநாய்க்கடி நோய் அற்ற நாடு என்று 2012-இல் பெயர் பெற்ற மலேசியாவில், 2015-இல் அந்நோய் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் மீண்டும் தலைகாட்டியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்தபோது விலங்கு நல அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அவர்கள் பேசியது வெறும் இரக்கம் அன்று. நாய்களில் 70 விழுக்காட்டுக்காவது தடுப்பூசி போட்டால்தான் நோய்ச் சங்கிலி அறுபடும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஊசி போட்ட நாயையும் சேர்த்துக் கொன்றால் அந்தப் பாதுகாப்பும் அதனுடனே போய்விடுகிறது.

காப்பகம் மனத்துக்கு இதமான வழி. அம்பாங்கில் இயங்கும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும், நகரின் ஓரங்களில் தனிமனிதர்கள் கைக்காசு போட்டு நடத்தும் கொட்டகைகளும் இல்லையென்றால், அடிபட்ட விலங்குகளுக்கு நாதியில்லை. அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனாலும் காப்பகத்தை ஊருக்கே தீர்வாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே வரும் எண்ணிக்கைக்கு ஏற்ப வெளியே தத்துப் போவதில்லை. நாட்டு நாய் வளர்ந்துவிட்டால் அதை ஏறெடுத்துப் பார்க்கிறவர்களே குறைவு. இன்னொரு கெடுதலும் உண்டு: "காப்பகத்தில் விட்டுவிடலாம்" என்ற நினைப்பே நாயைக் கைவிடுபவருக்கு மனச்சாட்சி உறுத்தாமல் செய்துவிடுகிறது.

மூன்றாவது, பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது. என் ஓட்டு இதற்குத்தான். எங்கள் அடுக்குமாடியில் நாய்களுக்குச் சோறு வைக்கும் அக்காவிடம், சோறு வைப்பதோடு நிறுத்தினால் கூட்டம்தான் பெருகும் என்றேன். "தம்பி, பசித்த வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். நிறுத்தச் சொல்லவில்லை, அந்தச் சோற்றையே கூண்டுக்குள் வையுங்கள் என்றேன். அவர் குரலுக்கு வரும் நாய் அந்நியர் விரித்த வலைக்கு வராது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே தட்டில், முதலில் கூண்டுக்கு வெளியே, பிறகு வாயிலில், பிறகு உள்ளே என்று அவித்த கோழியை வைத்துப் பழக்கினார். பல நாள் சுற்றிச் சுற்றி வந்த பழுப்புப் பெட்டை ஒருநாள் தானாக உள்ளே போனது. அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போதே காது நுனியில் சிறிது வெட்டி அடையாளம் இடுகிறார்கள். பிறகு யாரும் தெரியாமல் மீண்டும் பிடித்து வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. அம்பாங் சங்கம் குறைந்த செலவில் அறுவை செய்யவே கிளினிக் கெம்பிரி என்று தனியாக நடத்துகிறது.

இதற்கும் குறை உண்டு. நாய் நாளைக்கும் அதே சந்தில்தான் இருக்கும், குரைக்கும், மோட்டார் சைக்கிளைத் துரத்தினாலும் துரத்தும். பயன் தெரிய ஆண்டுகள் ஆகும். பூட்டான் தன் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை முடித்துவிட்டதாக 2023-இல் அறிவித்தது; அந்தப் பணியைத் தொடங்கியது 2009-இல். நம் நகரில் கூடுதலாக ஒரு கொடுமையும் இருக்கிறது. காது வெட்டிய நாயையும் நாய் பிடிப்பவர்கள் கொண்டுபோய்விட்டால் அந்தச் செலவும் உழைப்பும் வீண். மன்றமும் தன்னார்வலர்களும் ஒரே பட்டியலை வைத்து வேலை செய்தால்தான் இந்த வழி தேறும்.

சட்டத்தையும் இந்த வரிசையில் வைக்கலாம். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் இருட்டில் வைத்துவிட்டுப் போன பெட்டியில் யார் பெயரும் எழுதியிருப்பதில்லை. உரிமையாளர் யாரென்று காட்ட உடலில் பதிக்கும் மைக்ரோசிப் எல்லா நாய்களுக்கும் இல்லாதவரை கைவிட்டவரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

நாய்கள் தெருவுக்கு வர இன்னொரு காரணத்தை நம்மவர்கள் நன்றாக அறிவார்கள். தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலிவுவிலை அடுக்குமாடிக்கு மாறிய குடும்பங்கள், அங்கே நாய்க்கு அனுமதி இல்லையென்று வாசலில் கிடந்த நாயை அங்கேயே விட்டுவந்தன. வீடு இடிபட்ட பிறகும் அந்த நாய்கள் அங்கேதான் படுத்துக் கிடந்தன. அந்தக் குடும்பங்களை மட்டும் குற்றம் சொல்ல நா எழவில்லை. மறுகுடியேற்றத் திட்டம் போட்டவர்கள் பாத்திரம் பண்டத்துக்கு லாரி ஏற்பாடு செய்தார்கள், நாயைக் கணக்கில் சேர்க்கவில்லை. கட்டுமானத் தளங்களிலும் இதே கதைதான். காவலுக்கு வளர்த்த நாய்கள் கட்டடம் எழுந்ததும் தெருவுக்கு வந்துவிடுகின்றன.

ஆகவே கையில் இருப்பது கொஞ்சப் பணம்தான் என்றால், அதைப் பெட்டை விலங்குகளின் கருத்தடைக்கே முதலில் செலவிடுங்கள். அதிலும் தெருவில் திரிபவற்றோடு, கதவு திறந்திருக்கும் வீடுகளில் வளரும் பெட்டை நாய், பூனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அன்னதான மிச்சத்தை நம்பி உங்கள் மதிலோரம் வாழும் நாய்களின் அறுவைச் செலவை இந்த ஆண்டு வரவு செலவுக் கணக்கில் ஒரு வரியாகச் சேருங்கள்.