இலவசப் பிரதி வாங்கியவனின் மதிப்புரை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மதிப்பிடப்போகும் பதிப்பகத்திடமிருந்து கடந்த ஓராண்டில் நான்கு புத்தகங்களை விலையின்றிப் பெற்றிருக்கிறேன். மூன்றைப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறேன். அவர்களுடைய வாசகர் குழுவில் ஒருவனாக இருந்து, அந்த நூல்களைப் பற்றி மார்த்தாண்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் எழுதியும் பேசியும் வந்திருக்கிறேன். ஆகவே பதிப்பகத்தின் பெயரைச் சொன்னால், குறைகளை எத்தனை அடுக்கினாலும் இதுவும் ஒரு விளம்பரமாகவே படிக்கப்படும் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். துப்பறியும் கதை, பேய்க்கதை, அறிவியல் புனைவு ஆகியவற்றை வெளியிடும் சிறிய பதிப்பகம் என்பதும், நாகர்கோவிலில் இரண்டு அறைகளில் இரண்டே பேரால் நடத்தப்படுகிறது என்பதும் இங்கே போதுமானவை.

நாகர்கோவிலுக்குத் தமிழ்ப் பதிப்புலகில் கனமான பெயர் உண்டு. சுந்தர ராமசாமி 1988இல் காலச்சுவடு இதழைத் தொடங்கிய ஊர் இது. அத்தகைய ஊரில் யட்சியையும் கொலையையும் அச்சடித்து விற்பவர்களுக்கு மேடை மரியாதை எதுவும் கிடைப்பதில்லை. இலக்கியக் கூட்டத்துக்குப் போனால் பின்வரிசை, நூல் மதிப்புரைப் பக்கங்களில் இடமே இல்லை. ஒரு நூலுக்கு 300 பிரதிகள், விலை 200 முதல் 260 ரூபாய் வரை என்பது அவர்களுடைய வழக்கம். இந்தக் கணக்கில் விளம்பரத்துக்கென்று ஒதுக்கப் பணம் இருக்காது என்பதை யாரும் ஊகிக்கலாம். அந்த இடத்தில்தான் வாசகர்கள் வருகிறார்கள்.

ஏற்பாடு எளியது. வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். நூல் வெளியாவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, கேட்டவர்களில் பதினைந்து பேருக்கு முன்பிரதி வரும். அது அச்சுப் பிரதிகூட இல்லை. ஜெராக்ஸ் எடுத்துச் சுருள்கம்பி போட்டுக் கட்டிய கட்டு. பிடிஎஃப் அனுப்பினால் செலவே இல்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, ஒரு பிடிஎஃப் வெளியே போனால் மறுநாள் காலையில் அது டெலிகிராமில் இருக்கும் என்று பதில் வந்தது. தமிழில் மாத நாவல் படிக்கிற எவரும் இதை மறுக்கமாட்டார்கள். கட்டுடன் ஒரு துண்டுச் சீட்டும் வரும். பாராட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதினால் இலவசப் பிரதி பெற்றதைச் சொல்லிவிட வேண்டும். கொலையாளி யாரென்று உடைக்கக்கூடாது. பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதலாம். அவ்வளவுதான். எழுதாமலே இருந்துவிட்டால்கூட யாரும் நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை.

இலவசப் பிரதியைச் சொல்லிவிடு என்ற நிபந்தனை ஏதோ நல்லொழுக்கப் பேச்சு என்று முதலில் நினைத்தேன். பிறகுதான், இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமம் சமூக ஊடகங்களில் பரிந்துரை செய்வோருக்காக 2021இல் வெளியிட்ட நெறிமுறைகளில், பணம் மட்டுமன்றி இலவசமாகக் கிடைத்த பொருளையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இருப்பதை அறிந்தேன். இணைய நுகர்வோர் மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தையும் கொண்டுவந்திருக்கிறது. நூலாசிரியரின் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதும் மதிப்புரைகளை அமேசான் தளமும் ஏற்பதில்லை. பதிப்பாளரின் மைத்துனர் ஒருமுறை ஐந்து நட்சத்திரம் போட்டுப் புகழ்மாலை சூட்டியபோது, அதை எடுத்துவிடும்படி பதிப்பாளரே அவரிடம் கேட்டுக்கொண்டதை நான் நேரில் அறிவேன். மைத்துனர் இன்றுவரை கொஞ்சம் முகம் கொடுக்காமல்தான் இருக்கிறார் என்று கேள்வி.

இந்தத் திட்டத்தின் உண்மையான பலனை உதயகிரிக் கோட்டையைக் களமாகக் கொண்ட துப்பறியும் நாவலில்தான் கண்டேன். எழுதியவர் வெளி மாவட்டத்துக்காரர். கோட்டையை ஒரே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனவர். முன்பிரதியில் கதாநாயகன் நாகர்கோவில் வடசேரியில் பேருந்து ஏறி, தக்கலையைத் தாண்டி, கோட்டை இருக்கும் புலியூர்க்குறிச்சியில் இறங்குகிறான். நாகர்கோவிலிலிருந்து வரும்போது புலியூர்க்குறிச்சிக்குப் பிறகுதான் தக்கலை வரும் என்பது இங்குள்ள பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தக்கலையைச் சேர்ந்த வாசகி ஒருவர் அதைச் சுட்டியதோடு நில்லாமல், திருவிதாங்கூர் டச்சுக்காரர்களை வென்ற குளச்சல் போரின் ஆண்டு 1751 என்று இருந்ததை 1741 என்று திருத்தினார். அந்தப் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைத் தளபதியான டிலனாய்க்குக் கோட்டைக்குள் இருக்கும் கல்லறையில் எழுத்து தமிழில் மட்டும் இருப்பதாகக் கதை சொன்னதையும் விடவில்லை. அங்கே தமிழோடு லத்தீனும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கதையில் துப்பு கிடைப்பதே அந்தக் கல்லறை எழுத்திலிருந்து என்பதால், இது பிழைத்திருத்தத்தோடு முடியவில்லை; ஓர் அத்தியாயம் முழுவதையும் ஆசிரியர் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. மாற்றி எழுதிய அத்தியாயம்தான் நூலிலேயே சிறந்தது. லத்தீன் தெரிந்த ஒரு பாதிரியாரைத் தேடி நாயகன் முளகுமூட்டுக்குப் போகும் பகுதி முன்பிரதியில் இல்லவே இல்லை.

அந்த வாசகியின் பெயர் நன்றியுரையில் அச்சாகியது. அதற்குப் பிறகு அவர் அந்த நூலைத் தம்முடைய நூலாகவே கருதிக்கொண்டார். தம்முடன் பணிபுரிகிறவர்களிடமும் உறவினர்களிடமும் அவர் மட்டுமே முப்பது பிரதிகளுக்கு மேல் விற்றுக் கொடுத்தார். 300 பிரதிகளில் முப்பது என்பது பத்தில் ஒரு பங்கு. சம்பளத்துக்கு வைத்த விற்பனையாளரால் இதைச் செய்திருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு நூலின் குறையைத் திருத்தியவருக்கு அந்த நூலின் மேல் வருகிற உரிமையுணர்வு, அதைப் புகழும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவருக்கு ஒருநாளும் வராது.

இதற்கு நேர் எதிரான காட்சியையும் சொல்ல வேண்டும். அதே நாவலுக்குக் குழுவில் சிலர் சேர்ந்து அழகான சுவரொட்டிகள் செய்தார்கள். மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் மேல் நூலைப் பிடித்துக்கொண்டு எடுத்த படங்கள், கோட்டைச் சுவரில் சாய்த்து வைத்து எடுத்த படங்கள் என்று ஒரு வாரம் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் ஒரே படம், ஒரே வாசகம். இதயக் குறிகள் குவிந்தன. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பாலத்துக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பவையே. ஆனால் குளச்சலைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், படித்து முடித்த இரவில் இரண்டு நிமிடக் குரல்பதிவு ஒன்றைத் தம் நண்பர்களுக்கு அனுப்பினார். “மக்கா, பாதி வரைக்கும் சள்ளையாத்தான் இருக்கும், பொறுத்துக்க. கல்லறைக்கப் பக்கத்துல வந்த பொறவு பொஸ்தவத்த கீழ வைக்க ஏலாது” என்பதுதான் அதன் சாரம். பாதிவரை சலிப்பு என்று அவர் சொன்னதுதான் கேட்டவர்களை நம்பவைத்தது என்பது என் கணிப்பு. அந்தக் குரல்பதிவைக் கேட்டுவிட்டு என்னிடம் நூல் கேட்டவர்கள் ஆறு பேர். அவர்களில் இருவர் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு புத்தகமே தொடாதவர்கள். மார்த்தாண்டத்தில் தேன் வாங்குகிறவர்கள் குப்பியில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்ப்பதில்லை, யாருடைய பெட்டித் தேன் என்றுதான் கேட்பார்கள். நூலுக்கும் அதே வழக்கம் பொருந்துவதில் வியப்பில்லை.

எல்லா நூல்களும் அப்படி அமைந்துவிடவில்லை. முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே நிகழும் அறிவியல் புனைவு ஒன்று, என் பார்வையில், அவசரத்தில் வெந்த சோறு. புயல் வலுக்க வலுக்க இறக்கைகள் மேலும் மேலும் வேகமாகச் சுழன்று ஊருக்கே மின்சாரத்தைக் கொட்டுவது அதன் உச்சக்கட்டம். நடைமுறையில், காற்று நொடிக்கு 25 மீட்டர் அளவை நெருங்கும்போது பெரும்பாலான காற்றாலைகள் இறக்கைகளைத் திருப்பிக்கொண்டு தாமாகவே நின்றுவிடும், இல்லையென்றால் உடைந்துபோகும். ஆரல்வாய்மொழிப் பக்கம் வேலைசெய்யும் எந்தத் தொழில்நுட்பப் பணியாளரும் இதைச் சொல்லியிருப்பார். முன்பிரதி என் கைக்குத் தாமதமாக வந்தது. நான் எழுதியபோது நூல் அச்சுக்குப் போய்விட்டது. ஆகவே பொதுவிலேயே குறையை எழுதினேன். குழுவில் சிலருக்குக் கோபம் வந்தது. “நம்ம ஆளே இப்படி எழுதலாமா அண்ணாச்சி?” என்று ஒருவர் தனியாக அழைத்துக் கேட்டார். பதிப்பாளர் என்ன செய்தார் என்றால், என் மதிப்புரையைக் குழுவின் தலைப்பில் பொருத்திவைத்து, மறுபதிப்பில் அந்த அத்தியாயம் திருத்தப்படும் என்று கீழே ஒரு வரி எழுதினார். இந்த ஒரு செயலுக்காகவே அவர்களுக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். நான் முன்பு சேர்ந்திருந்த வேறொரு பதிப்பாளரின் குழுவில், அட்டைப்படம் மங்கலாக இருக்கிறது என்று சொன்ன மறுநிமிடமே என்னை நீக்கிவிட்டார்கள்.

இனி குறைகள். முதலாவது, வாசகர்கள் கிளப்பிவிடும் ஆவலுக்கு ஈடுகொடுக்க இவர்களால் முடிவதில்லை. உதயகிரி நாவல் இருபதே நாளில் தீர்ந்தது. மறுபதிப்பு வர ஏழு வாரங்கள் ஆயின. அதற்குள் நாங்கள் மூட்டிய அடுப்பு அணைந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் மறந்தே போனார்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கும் பிரதிகள் இல்லை. குறைந்த பிரதிகளை வேண்டும்போது டிஜிட்டல் முறையில் அச்சிட்டுக்கொள்ளும் வசதி இப்போது பரவலாக இருக்கிறது. பிரதிக்குச் செலவு கூடுதல்தான்; கேட்டவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதைவிட அது மலிவு என்றே சொல்வேன்.

இரண்டாவது, கட்டுமானம். தைக்காமல் முதுகில் பசை போட்டு ஒட்டுவதைப் பர்ஃபெக்ட் பைண்டிங் என்று சொல்கிறார்களே தவிர, இரண்டாம் வாசிப்பில் நடுத்தாள்கள் கையோடு வந்துவிடுகின்றன. நம் ஊர் மழைக்காலத்து ஈரம் இதற்கு உதவுவதில்லை. ஒருவர் படித்து மற்றவருக்குக் கைமாற்றுவதையே நம்பி விற்கப்படும் நூலுக்கு இது சிறிய குறையில்லை. அனுப்புச் செலவும் வாங்குபவரைத் தயங்கவைக்கிறது. பதிவு அஞ்சல் 2025இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்ட பிறகு, 220 ரூபாய்ப் புத்தகம் ஒன்றை மட்டும் தனியாக வரவழைக்கும் எண்ணத்தை நான் விட்டுவிட்டேன். மூன்று நான்கு பேர் சேர்ந்து கேட்டு ஒரே கட்டாக வாங்கிக்கொள்கிறோம்.

மூன்றாவது குறைதான் எனக்கு மிகவும் உறுத்துவது. எழுதுவதும் பேசுவதும் வாசகனுக்கு மகிழ்ச்சி. அதற்குக் கூலி யாரும் கேட்பதில்லை. ஆனால் ஓராண்டுக்குள் அந்த வேலை மெல்ல மெல்லச் சுமைகூலி வேலையாகவும் மாறிவிட்டது. வடசேரியிலிருந்து புத்தகக் கட்டைப் பேருந்தில் ஏற்றிக் கருங்கலுக்கும் குலசேகரத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, பணத்தை வசூலித்துத் திருப்பி அனுப்புவது வரை வாசகர்களே செய்கிறார்கள். கடைகளில் கொடுத்தால் விலையில் 35 முதல் 40 விழுக்காடு கழிவு போகும். வாசகர் கையால் விற்றால் அந்தத் தொகை முழுவதும் பதிப்பகத்திடமே தங்குகிறது. அதில் பேருந்துக் கட்டணத்தையாவது திருப்பிக் கொடுத்தால் யாருடைய அன்பும் குறைந்துவிடாது. இதை நான் நேரில் கேட்டபோது, “நம்ம புள்ளையள்தானே” என்று சிரித்தார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் கைச்செலவு கொடுப்பது குமரி மாவட்டத்திலும் வழக்கம்தான்.

இந்தக் குறைகளைத் தீர்க்கத் தமிழிலேயே முன்மாதிரி உண்டு. சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கின. இன்று அவை முன்கூட்டியே சந்தா கட்டும் வாசகர்களைச் சார்ந்து குறைந்த பிரதிகளோடு நடக்கின்றன. எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது அச்சுக்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடுவதும், பணம் முன்னதாகவே கைக்கு வருவதும் சிறு பதிப்பாளருக்குக் கிடைக்கும் பெரிய நிம்மதி. நாகர்கோவில்காரர்களும் ஆண்டுக்கு நான்கு நூல்களுக்கு ஒரே சந்தா என்று வைத்தால், எங்கள் குழுவிலிருந்தே முதல் முப்பது பேர் சேருவார்கள். பிரதி தீர்ந்துபோகும் சிக்கலும், கட்டுச் சுமக்கும் சிக்கலும் ஓரளவுக்கு அதிலேயே தீரும்.

ஐந்துக்கு மூன்றரை. வாசகனை மதிப்பதற்கு முழு மதிப்பெண். அவன் முதுகை மறந்துபோனதற்கும் பசை விட்டுப்போன நடுத்தாள்களுக்கும் ஒன்றரை குறைத்துக்கொண்டேன்.

அடுத்து வருவது கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியை இந்தக் காலத்துக்குக் கொண்டுவரும் கதையாம்; வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த நீலி, நள்ளிரவில் நான்குவழிச் சாலையோரம் நின்று சுண்ணாம்பு கேட்பதாகத் தொடங்குகிறதாம். முன்பிரதி வேண்டுமா என்று போன வாரம் கேட்டார்கள். இந்த முறை வேண்டாம் என்று சொல்லி, 240 ரூபாயை முன்பணமாக அனுப்பியிருக்கிறேன். ரசீது இன்னும் வரவில்லை.