ஐ7 ஸ்டிக்கரை நம்பி டெஸ்க்டாப்பைக் கைவிடாதீர்கள்

டெஸ்க்டாப்பில் வீடியோ எடிட்டிங் செய்துவந்த ஒருவரிடம், "உங்களிடம் இருப்பதைவிட இது வேகம்" என்று சொல்லி ஒரு மெல்லிய லேப்டாப்பை விற்றிருக்கிறார்கள். பழையதில் இருந்த ப்ராசஸர் இன்டெலின் 12ஆம் தலைமுறை ஐ5-12400. புதியதில் 13ஆம் தலைமுறை ஐ7-1355யூ. விற்றவர் காட்டிய கணக்கு இதுதான்: ஐ5 போய் ஐ7, 6 கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) போய் 10 கோர், 4.4 ஜிகாஹெர்ட்ஸ் போய் 5.0. மூன்றுமே உண்மை. ஆனாலும் எடிட் செய்த வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் பழைய மெஷினைவிட அதிக நேரம் ஆகிறது. புகார் சொன்னால், "விண்டோஸை மறுபடி போட்டுப் பாருங்கள்" என்கிறார்கள். எத்தனை முறை போட்டாலும் இது மாறாது.

12400இல் உள்ள 6 கோரும் பி-கோர், அதாவது முழுத் திறன் கோர்கள். 1355யூவின் 10இல் பி-கோர் 2 மட்டுமே. மீதி 8 இ-கோர்கள், சிறியவை, குறைந்த மின்சாரத்தில் ஓடச் செய்தவை. த்ரெட் கணக்கு, அதாவது ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை, இரண்டிலும் 12தான். சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் டெஸ்க்டாப் சிப்பில் 18 எம்பி, லேப்டாப் சிப்பில் 12 எம்பி.

இவற்றைவிட முக்கியமானது வாட். 12400க்கு அடிப்படை 65 வாட், டர்போ உச்சம், அதாவது வேகத்தைக் கூட்டும்போது இழுக்கக்கூடிய அதிகபட்சம், 117. 1355யூவுக்கு அடிப்படை 15, உச்சம் 55. அந்த 5.0 ஜிகாஹெர்ட்ஸ் ஓரிரு பி-கோர் மட்டும் ஓடும்போது தொடுகிற வேகம். எல்லா கோரும் சேர்ந்து உழைக்கும்போது சிப் 55 வாட்டைக் கொஞ்ச நேரம்தான் இழுக்க முடியும். பிறகு லேப்டாப் தயாரித்தவர் வைத்திருக்கும் நீடித்த மின் வரம்புக்கு, அதாவது பிஎல்1க்கு இறங்கிவிடும். மெல்லிய உடல், ஒரே ஃபேன் என்றால் இந்த வரம்பைத் தாழ்வாகவே வைப்பார்கள். அதனால்தான் ஒரே ப்ராசஸர் உள்ள இரண்டு லேப்டாப்புகள்கூட ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

பிரவுசர் திறப்பது, எக்செல் ஃபைல் திறப்பது எல்லாம் ஒன்றிரண்டு கோரில் நொடியில் முடிகிற வேலை. அங்கே 1355யூ நிஜமாகவே 12400க்கு ஈடுகொடுக்கும். கடையில் டெமோவாகக் காட்டப்படுவதும் அதுதான். ரெண்டரிங், பெரிய கோட் கம்பைல், நீண்ட எக்ஸ்போர்ட் ஆகியவற்றை யாரும் ஓட்டிக் காட்டுவதில்லை. வாங்குபவர் இன்ன வேலைக்கு என்று சொன்ன பிறகும் இதை மறைத்து விற்பது ஏமாற்றுதான்.

பணம் கொடுக்கும் முன், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், இதைச் செய்யுங்கள். சார்ஜரைச் செருகுங்கள், பேட்டரியில் ஓட்டினால் பல லேப்டாப்புகள் வரம்பை இன்னும் குறைக்கும். பவர் மோடை உச்சத்தில் வையுங்கள். வெப்பநிலை, வாட் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ப்ராசஸர் வேகத்தைச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23இல் மல்டி கோர் சோதனையை 10 நிமிடம் ஓட விடுங்கள். ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டால் டர்போ வேகம் மட்டுமே தெரியும். முதல் அரை நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் சிபியூ பேக்கேஜ் பவர், கோர் வெப்பநிலை, கோர் வேகம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

வெப்பநிலை 70, 75 டிகிரியில் இருக்கும்போதே வாட் இறங்கி ஓரிடத்தில் அப்படியே நின்றால், அது தயாரிப்பாளர் வைத்த வரம்பு. சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி ஒரு பயனும் இல்லை. 100 டிகிரியைத் தொட்டுத் தொட்டு வேகம் ஏறி இறங்கினால் கூலிங் போதவில்லை. புது லேப்டாப்பில் இப்படி இருந்தால் நீங்களே திறக்காமல் வாரன்டியில் கொடுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஐரிஸ் எக்ஸ்இ என்று வரவேண்டிய கிராஃபிக்ஸ் வெறும் யூஹெச்டி என்று வந்தால், பெரும்பாலும் ரேம் ஒற்றை சேனலில், அதாவது இரண்டுக்குப் பதில் ஒரே தடத்தில், ஓடுகிறது. ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு ரேம் போட்டு இதைச் சரிசெய்யலாம். மதர்போர்டில் ஒட்டிவந்த ரேம் என்றால் முடியாது.

ஏஎம்டியிலும் இதே கவனம் வேண்டும். ரைசன் 5 7600 டெஸ்க்டாப் சிப்பில் 6 கோர்கள், எல்லாம் ஜென் 4 (ஜென் என்பது ஏஎம்டி கோர் வடிவமைப்பின் பெயர், எண் அதன் தலைமுறை). ரைசன் 5 7520யூ லேப்டாப் சிப்பில் 4 கோர்கள், அவையும் பழைய ஜென் 2. லேப்டாப்புக்கான 7000 வரிசையில் மூன்றாவது எண்தான் ஜென் தலைமுறையைக் காட்டும்: 7520இல் 2, 7730இல் 3, 7840இல் 4.

கனமான வேலைக்கு லேப்டாப்தான் வேண்டுமென்றால் ஹெச் அல்லது ஹெச்எக்ஸ் என்று முடியும் சிப்பைத் தேடுங்கள். ஐ9-13980ஹெச்எக்ஸில் டெஸ்க்டாப் 13900கேயில் உள்ள அதே 8 பி-கோர், 16 இ-கோர் இருக்கின்றன. ஆனால் டர்போ உச்சம் 253 வாட்டுக்குப் பதில் 157. தடித்த உடலும் நல்ல ஃபேன்களும் இல்லாவிட்டால் அதுவும் மூச்சுத் திணறும்.

டெஸ்க்டாப் என்ற பெயரில் வரும் மினி பிசி, ஆல் இன் ஒன் பலவற்றிலும் 1355யூ போல யூ என்று முடியும் லேப்டாப் சிப்தான் இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போனால் ப்ராசஸரின் முழுப் பெயர் தெரியும். பில்லிலும் வெறும் "ஐ7" என்று எழுதவிடாமல் அந்த முழுப் பெயரையே எழுதி வாங்குங்கள்.