பழைய ஃபோர்டு கூட்டுக்குள் எந்த எஞ்சின்: ஃபிளாட்ஹெட்டா, 283-ஆ?

எஞ்சினும் மட்கார்டும் இல்லாத, தரையெல்லாம் துருப்பிடித்த 1931 ஃபோர்டு மாடல் ஏ கூப் ஒன்றின் வெறும் பாடியைக் கலிஃபோர்னியாவின் பொமோனா பழைய கார் சந்தையில் வாங்கி வந்த நாள் முதல், கேரேஜுக்குள் எட்டிப் பார்த்த ஒவ்வொருவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: உள்ளே எந்த எஞ்சினை வைக்கப் போகிறீர்கள்? மாடல் ஏ-யின் சொந்த எஞ்சின் நான்கு சிலிண்டரும் 40 குதிரைத்திறனும் கொண்டது. ஹாட் ராட், அதாவது பழைய காரில் வலிய எஞ்சினை ஏற்றி வேகமாக ஓடும்படி மாற்றிய கார், கட்டுகிறவர்கள் அதைக் கழற்றி ஓரமாக வைப்பதிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள். 1940-களிலும் 50-களிலும் தென் கலிஃபோர்னிய இளைஞர்கள் கட்டிய முறையைப் பின்பற்றுவதே மரபு என்றால், மிஞ்சும் போட்டியாளர்கள் இருவர். ஒன்று, ஃபோர்டு 1932-இல் கொண்டுவந்த ஃபிளாட்ஹெட் வி8 (எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் இரு வரிசையாக நிற்கும் எஞ்சின்). மற்றொன்று, ஷெவர்லே 1955-இல் 265 கன அங்குலக் கொள்ளளவில் தொடங்கி 1957-இல் 283 ஆக்கிய சிறிய வி8. நான் 283-ஐத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் ஆசைப்பட்டதும் பணம் கொடுத்து வாங்கியதும் ஃபிளாட்ஹெட்டை.

அழகைப் பற்றி விவாதமே வேண்டாம். பானெட் மூடாத காரில், துடுப்பு துடுப்பாக வார்த்த அலுமினிய ஹெட்டுகளும் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகங்கள்) அவற்றுக்கு நடுவே இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்பரேட்டர்களுமாக நிற்கும் ஃபிளாட்ஹெட்டுக்கு ஈடு கிடையாது. அதன் அடித்தொண்டை ஓசையும் வேறு எந்த எஞ்சினுக்கும் வாய்க்காது. வலிமையைப் பற்றியும் விவாதம் வேண்டாம். 1949 முதல் 1953 வரையிலான 239 கன அங்குல ஃபோர்டு எஞ்சின் தொடக்கத்தில் 100 குதிரைத்திறன் தந்தது. சாதாரண இரட்டைக் குழல் கார்பரேட்டர் பூட்டிய 1957-இன் 283 தந்ததோ 185. ஆகவே கண்ணும் காதும் ஒரு பக்கம் இழுக்க, கால் மறுபக்கம் இழுக்கிறது. இவை இரண்டையும் வைத்து யாரும் முடிவெடுத்துவிட முடியாது. முடிவெடுக்க வைப்பது பராமரிப்பு, அதிலும் குறிப்பாக வெப்பம்.

ஃபிளாட்ஹெட்டில் வால்வுகள் ஹெட்டில் இல்லை. பிளாக்கிலேயே, வி வடிவத்தின் உட்பக்கத்தில், சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எரிந்த வாயு வெளியேற வேண்டிய குழாயோ வி-யின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. எனவே அந்தக் கொதிக்கும் வாயு, குளிர்நீர் ஓடும் அறைகளின் ஊடாக, சிலிண்டர்களுக்கு இடையே பிளாக்கைக் குறுக்காகக் கடந்துதான் வெளியே வர முடியும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்கள் ஒரே வாயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியே போக வேண்டிய சூட்டை வழியெல்லாம் தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டே போகும் இந்த அமைப்பினால்தான் இரண்டு வாட்டர் பம்ப்புகள் இருந்தும் இந்த எஞ்சினுக்குக் கொதிக்கிற எஞ்சின் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எழுபது எண்பது ஆண்டுகள் சூடேறியும் ஆறியும் கிடந்த வார்ப்பிரும்பில் வால்வு இருக்கைக்கும் சிலிண்டர் விளிம்புக்கும் நடுவே விரிசல் விழுவது அரிதல்ல. இன்று பழைய ஃபிளாட்ஹெட் வாங்குகிற யாருக்கும் முதல் அச்சம் அதுதான்.

எனக்கு வாய்த்தது அப்படிப்பட்ட ஒன்று. 1946–48 காலத்து 59ஏ பிளாக் ஒன்றை, 'நல்ல பிளாக், நேற்றுவரை ஓடியது' என்ற விற்றவரின் வாய்ச்சொல்லை நம்பி வாங்கினேன். லேத் பட்டறையில் அதைக் கொதிநீர்த் தொட்டியில் ஊறவைத்து எண்ணெய்க் கறையும் துருவும் போகக் கழுவிய பிறகு, காந்தத்தை வைத்து இரும்புத்தூளைத் தூவினார்கள். தூவிய தூளை மெல்ல ஊதியதும், மற்ற இடங்களிலெல்லாம் பறந்து போன தூள் மூன்றாவது சிலிண்டருக்கு அருகில் மட்டும் போகவில்லை. வால்வு இருக்கையிலிருந்து சிலிண்டரின் வாய் வரை தலைமயிர் போல ஒரு கோடாக நின்றது. பட்டறைக்காரர் எதுவும் பேசாமல் சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு இன்னும் இரண்டு வட்டங்கள். ஊசிகளை அடுத்தடுத்து இறக்கி விரிசலைத் தைக்கலாம், தைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூன்று இடங்களைத் தைப்பதற்கு அவர் சொன்ன தொகையில் ஓடுகிற நிலையிலுள்ள ஒரு 283-ஐயே வாங்கிவிடலாம் என்றபோது என் ஆசை அங்கேயே ஆறிப்போனது.

விரிசல் இல்லாத பிளாக் கிடைத்தாலும் வேலை ஓயாது. வால்வுகளைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டுகளுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி வேண்டும். ஃபோர்டின் அசல் டேப்பெட்டுகளில் அந்த இடைவெளியைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை; வால்வுத் தண்டின் நுனியைத் தேய்த்துத்தான் சரிசெய்ய வேண்டும், இடைவெளி குறைந்துபோனால் வால்வையே வெளியே எடுக்க வேண்டும். திருகக்கூடிய டேப்பெட்டுகளைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லது என்றாலும், அவற்றை எட்டுவதற்கும் எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியாக வேண்டும். 283-இல் மேல்மூடியைத் திறந்து, வால்வை அழுத்தும் ராக்கரின் நட்டைத் திருகினால் போதும். ஒரு சனிக்கிழமைக் காலைக்குள் முடிந்துவிடும். கேஸ்கெட்டோ வாட்டர் பம்ப்போ வேண்டுமென்றால் பக்கத்துத் தெரு உதிரிபாகக் கடையில் கிடைக்கிறது, ஏனென்றால் அந்தக் குடும்பத்து எஞ்சின்களைப் பத்துக் கோடிக்குமேல் தயாரித்திருக்கிறார்கள். ஃபிளாட்ஹெட்டுக்கும் உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் தபாலில் வரும்வரை கார் நிற்கும்.

283-ஐ மாடல் ஏ-க்குள் பொருத்துவது எளிது என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் அதன் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்முனையில் இருப்பதால், எஞ்சினையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் தகடான ஃபயர்வாலில் இடிக்கிறது. மாடல் ஏ-யிலோ ஃபயர்வாலுக்குப் பின்னால், முன்கண்ணாடிக்குக் கீழே, பெட்ரோல் டாங்க் இருக்கிறது. நான் டாங்க்கை டிக்கிக்கு மாற்றிவிட்டு, ஃபயர்வாலை வெட்டி உட்பக்கமாகக் குழித்து வெல்டிங் செய்தேன். அசல் பாடியை வெட்டுவதை ஒப்பாதவர்களுக்கு இது பெரும் பாவமாகத் தோன்றும், அவர்களோடு நான் சண்டைக்கு நிற்க மாட்டேன். ஃபிளாட்ஹெட்காரர்கள் விரும்பிப் பூட்டும் 1939 ஃபோர்டு மூன்று கியர்ப் பெட்டி 283-இன் முறுக்கை நெடுநாள் தாங்காது. ஆகவே 1957-இல் ஷெவர்லேயின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த போர்க்-வார்னர் டி-10 நான்கு கியர்ப் பெட்டியைத் தேடினேன். அதைப் பூட்டியதும், மூடிய குழாய்க்குள் சுழலும் தண்டோடு கூடிய பழைய ஃபோர்டு பின் அச்சையும் விட்டுவிட்டு, அதே 1957-இல் அறிமுகமான ஃபோர்டின் ஒன்பது அங்குலப் பின் அச்சுக்கு மாற வேண்டியதாயிற்று. ஒரு முடிச்சை அவிழ்க்கப் போய் மூன்றை அவிழ்த்த கதைதான். எஞ்சினில் மிச்சம்பிடித்ததில் ஒரு பகுதி அங்கே கரைந்தது.

மறுவிற்பனையைப் பற்றி நான் உறுதியாக எதுவும் சொல்லத் தகுதியற்றவன், இப்படிப்பட்ட காரை நான் இன்னும் விற்றதில்லை. சந்தையில் பார்த்தவரை, நன்றாகக் கட்டிய ஃபிளாட்ஹெட் காரைச் சுற்றிக் கூட்டம் அதிகம். விலை கேட்பவர்களும் அதிகம். என் காரும் இதுவரை 4,000 மைலுக்குச் சற்று மேல்தான் ஓடியிருக்கிறது. அதில் ஜூலை மாத வெயிலில், பொமோனாவிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஊர்ந்ததும் அடங்கும். வெப்பமானியின் முள் 190 பாகை ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. அன்று எனக்கு முன்னால் ஃபிளாட்ஹெட் காரில் போன நண்பர் இரண்டு முறை ஓரங்கட்டி, ரேடியேட்டர் மூடியின்மேல் துணியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஆண்டுக்குப் பத்து நாள், அதுவும் குளிர்ந்த காலையில் மட்டும் ஓட்டப்போகிறவராக இருந்து, காந்தச் சோதனையில் தேறிய பிளாக்கும் கையில் இருந்தால், அவருக்கு நான் ஃபிளாட்ஹெட்டைத்தான் சொல்வேன். என்னுடைய 59ஏ, மூன்று சாக்பீஸ் வட்டங்களும் அழியாமல், கேரேஜ் மூலையில் வெல்டிங் கம்பிகளை வைக்கும் மேடையாக நிற்கிறது.