மூன்று பழைய சாகசங்கள், ஒரு ஞாயிறு மேசை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதை விளையாட்டு. அதை ஆடுபவர்கள் கூடினால் டூம் ஆஃப் ஹாரர்ஸ், ரேவன்லாஃப்ட், கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ் என்ற அச்சிட்ட சாகசங்களின் பெயர்கள் அடிபடாமல் இருக்காது. வேளச்சேரியில் எங்கள் குழு மூன்றையும் ஆடியிருக்கிறது. புகழை ஓரமாக வைத்துவிட்டு நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆடுகிறவர் யோசித்து முடிவெடுக்க அதில் எவ்வளவு இடம் இருக்கிறது?

டூம், இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1975இல் ஆரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டுப் போட்டிக்கு நடத்தியது, 1978இல் அச்சானது. சுவரில் ஒரு பச்சைப் பிசாசு முகம், வாய்க்குள் கும்மிருட்டு. கையை விட்டால் கை காலி, ஆளே நுழைந்தால் ஆள் காலி. அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. அங்கே தரையிலேயே துப்புகள் எழுதியிருக்கின்றன. போட்டியில் யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்று மதிப்பெண் போடலாம். வீட்டில் செத்தவர் மீதி நேரம் பஜ்ஜி தின்றுகொண்டு உட்கார வேண்டியதுதான்.

ரேவன்லாஃப்ட் (1983, டிரேசி – லாரா ஹிக்மன்) சீட்டுக்கட்டை வைத்து வித்தை காட்டுகிறது. முக்கியமான பொருள்கள் எங்கே இருக்கின்றன, வில்லனான ரத்தக்காட்டேரி ஸ்ட்ராடுக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் விழும் சீட்டைப் பொறுத்தது. அருமையான யோசனை. ஆனால் ஊரை விட்டுப் போகலாம் என்றால் விஷமூட்டம் விடாது. கதைக்காகக் கதவைச் சாத்துகிறார்கள்.

என் ஓட்டு கீப்புக்கு. 1979இல் கைகாக்ஸ் புதியவர்களுக்காக எழுதியது. ஒரே பள்ளத்தாக்கில் ஓர்க், கோப்ளின், ஹாப்கோப்ளின், நோல் என்று அரக்க இனங்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் குகைகள். கோப்ளின்கள் தோற்கும் நிலை வந்தால் ரகசியக் கதவைத் திறந்து பக்கத்துக் குகையில் இருக்கும் ஓகர் என்ற ராட்சசனிடம் 250 பொற்காசு மூட்டையை வீசுவார்கள். அவன் அடிக்க வந்துவிடுவான். அதே ஓகரை ஓர்க்குகளும் அவ்வப்போது விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் நாமும் வாங்கலாமே! எங்கள் மேசையில் பாதி மாலை அந்தப் பேரத்திலேயே போனது. வாள் உறையை விட்டு வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஆடுகிறவர்கள் தங்கும் கோட்டையில் தளபதிக்குக்கூடப் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறார் கைகாக்ஸ். ஆட்டத்தை நடத்தும் எங்கள் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) சாமான் கடைக்காரரை அண்ணாச்சி ஆக்கினார். அப்புறம் தீப்பந்தம் வாங்கப் போனவர்கள் கடன் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பெயர் வைக்க ஐந்து நிமிடம் போதும். பிசாசு வாயைச் சரிசெய்ய டூமையே திரும்ப எழுத வேண்டும்.