ஃபியூஸ் பெட்டிக்குள் ஃபியூஸ் இல்லை

வீட்டில் சோலார் போட்டவர்களும் போடப் போகிறவர்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள். பேனல் எத்தனை வாட், எத்தனை வருஷம் வாரண்டி என்று துருவித் துருவிக் கேட்ட நான், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஓடும் ஒன்றரை மீட்டர் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என்னுடையது 5 கிலோவாட் இன்வெர்ட்டர். 12 வோல்ட் பேட்டரி நான்கைத் தொடராக இணைத்து 48 வோல்ட். மாட்டி மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒரு ராத்திரி கரண்ட் போன நேரம், தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால், பாசிட்டிவ் முனையில் இருந்த சிவப்பு உறை இளகி பேட்டரி மேல் வழிந்திருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மாட்டியவருக்குப் போன் செய்தேன். "லோடு ஏறினா சூடு இருக்கத்தான் சார் செய்யும், ஒண்ணும் ஆகாது" என்றார்.

மறுநாள் வேறொரு எலெக்ட்ரீஷியன் வந்தார். நட்டைக் கழற்றி, கேபிளைப் பேட்டரியோடு இணைக்க நுனியில் மாட்டும் உலோகத் துண்டான லக்கை லேசாக இழுத்தார். கேபிள் தனியாகக் கையோடு வந்துவிட்டது. கேபிள் லக்கின் துளைக்குள் நுழையவில்லை என்று செம்பு இழைகளில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் செருகிச் சுத்தியலால் தட்டி வைத்திருக்கிறார்கள். கேபிளே 16 சதுர மில்லிமீட்டர்தான். 5000 வாட்டை 48ஆல் வகுத்தாலே 104 ஆம்பியர். பேட்டரி இறங்க இறங்க அது 120ஐயும் தாண்டும். இணைப்பில் வெறும் 2 மில்லிஓம் தடை இருந்தால் போதும், 100 ஆம்பியரில் அந்த ஒரே புள்ளியில் 20 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் மாதிரி.

அப்புறம்தான் சுவரில் இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஃபியூஸ் இல்லை. இரண்டு முனைக்கும் நடுவே முறுக்கிய செம்புக் கம்பி! பில்லில் 'டிசி ஃபியூஸ்' என்று தனி வரியே போட்டு என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். என் பிள்ளைகள் தூங்கும் அறைக்குச் சுவர் ஒட்டிய இடம் அது. இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

ஷார்ட் ஆனால் இந்த அளவு பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளும். அதை இன்வெர்ட்டர் தடுக்காது, பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபியூஸ்தான் தடுக்கும். போட்டிருந்த பிரேக்கரும் வீட்டு லைனில் வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்துக்கானது, பேட்டரி தருவதோ டிசி (நேர்திசை) மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால், பிரேக்கர் விடுபடும்போது எழும் தீப்பொறி தானாக அணைய வழி உண்டு. டிசியில் அந்த வழி கிடையாது, எரிந்துகொண்டே இருக்கும்.

இப்போது 50 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், ஹைட்ராலிக் கருவியால் அழுத்திய லக், பாசிட்டிவ் முனையை ஒட்டியே 160 ஆம்பியர் டிசி ஃபியூஸ், டிசி பிரேக்கர். முழு லோடில் அரை மணி நேரம் ஓட்டி, வெப்பமானியால் ஒவ்வொரு முனையையும் அளந்து காட்டிவிட்டுத்தான் அவர் கிளம்பினார். முதலில் மாட்டியவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, இப்போது போனையும் எடுப்பதில்லை.

உங்கள் வீட்டு ஃபியூஸ் பெட்டியை இன்றே திறந்து காட்டச் சொல்லுங்கள். நீங்களாகத் திறக்காதீர்கள். தெரிந்தவரே ஆனாலும் முதலில் லோடு, அடுத்து பேனல், கடைசியில் பேட்டரி என்ற வரிசையில் துண்டித்து, இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கச் சில நிமிஷம் விட்டு, மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.